நாலாவது பக்கம்

— முப்பதுன்னு வச்சுக்கோ மச்சான். நூத்துக்கு முப்பது. அதுக்கு மேல சொன்னா ஆசை காட்டி மோசம் பண்ணின மாதிரி ஆயிடும்.

— முப்பதுன்னா பாஸ் மார்க்கே இல்லையே மாப்ள.

— நீ பரீட்சையா எழுதறே? எம்பிஏ சீட் கேக்கறே. பாரு, உன் நுழைவுத்தேர்வு மார்க் சுமார். வயசு முப்பத்தஞ்சு. பன்னெண்டு வருஷமா ஒரே ஃபேக்டரி, ஒரே பாய்லர் ஹவுஸ். உன்னை மாதிரி இன்ஜினியருங்க மட்டும் ஆயிரம் பேர் வரிசையில நிக்கறாங்க. உன்னைத்தான் எடுக்கணும்னு அவங்களுக்கு என்ன தலையெழுத்து?

— இந்த வருஷம் விட்டா வயசு வரம்பு தாண்டிடும். ஃபேக்டரியையும் மார்ச்சோட மூடறாங்க. பாய்லரைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதவனை யாரு வேலைக்கு வைப்பா? இந்த சீட்டைத்தான் மலை மாதிரி நம்பிட்டிருக்கேன்.

— தெரியுது. அதான் பொய் சொல்லாம முப்பதுங்கறேன்.

— நாலாவது பக்கத்தையும் சேத்தா முப்பது? செஞ்ச தப்பை ஒத்துக்கிட்டதைப் பத்தி எழுதச் சொல்லியிருந்தாங்களே, அந்தக் கட்டுரை. படிச்சியா இல்லையா?

— படிச்சேன்.

— படிச்சேன்னா?

— அதை எடுத்துடு.

— எதை?

— அந்தப் பக்கத்தை. முழுசா. வேற ஏதாவது எழுதிக்கலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு.

— அது வந்து மாப்ள...

— முதல்ல நான் சொல்றதைக் கேளு. நான் அங்க படிச்சவன். வருஷா வருஷம் இன்டர்வியூ எடுக்க என்னைக் கூப்பிடறாங்க. எது எடுபடும், எது படாதுன்னு எனக்குத் தெரியாதா?

— தெரியும். அதுக்குத்தானே உன் வீடு தேடி வந்திருக்கேன். ஆனா எங்க ஸ்டோர்ஸ் பெரியவர் படிச்சுட்டு, இந்த ஒரு பக்கத்துக்கே சீட் குடுக்கலாம்யான்னாரு. என் சம்சாரம் கண்ணைத் தொடச்சுக்கிட்டா. உன் ஒருத்தனுக்குத்தான் பிடிக்கலை.

— பிடிக்கலைன்னு சொல்லலை. பாரு, நம்ம தப்புக்கு நாமளே எதுக்கு தண்டோரா போடணும்? பாய்லர் சேஃப்டி வால்வைத் தப்பா செட் பண்ணினேன்னு ஒரு இன்ஜினியர் தன் கைப்பட எழுதிக் குடுத்தா, படிக்கறவன் என்ன நினைப்பான்?

— தப்பு பண்ணினான், போய்ச் சொன்னான்னு நினைப்பான். கேள்வியே அதானே. கரெக்டா சொல்லணும்னா, பழைய டிராயிங்கைப் பாத்து ஸ்பிரிங்கை இறுக்கிட்டேன். பாய்லர் மூணு நாள் ஓடினப்புறம்தான் புது டிராயிங் கையில கிடைச்சுது. நான் சொல்லலைன்னா அடுத்த வருஷம் பராமரிப்புக்கு பாய்லரை நிறுத்திப் பிரிக்கற வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நானா போய்ச் சொன்னேன். ரெண்டு நாள் ஃபேக்டரியை நிறுத்தினாங்க. மெமோ வந்துது, வரவேண்டிய பிரமோஷன் போச்சு. இதுல எது எடுபடாது?

— சின்ன விஷயம் மச்சான் அது.

— சின்ன விஷயமா? பிரஷர் ஏறி, வால்வு திறக்காம பாய்லர் வெடிச்சிருந்தா கீழ ஷிஃப்ட்ல பதினோரு பேர். அதுல நீயும் ஒருத்தன்.

— மெதுவாப் பேசு. உள்ள உன் தங்கச்சி இருக்கா.

— இருக்கட்டுமே. அவதானே வரச் சொன்னா. அவர் ஒரு தடவை பாத்துட்டார்னா சீட் உனக்குத்தாண்ணான்னா.

— அவ சொல்லுவா. பாரு, எட்டு வருஷத்துப் பழைய கதை. கொஞ்சம் ஓவராவும் இருக்கு. மேனேஜர் ரூம் வாசல்ல முக்கால் மணி நேரம் நின்னேன், உள்ளங்கை வேர்த்து டிராயிங் நனைஞ்சு போச்சுன்னு... நாடகம் மாதிரி. நம்ப மாட்டாங்க.

— நடந்ததை எழுதினா நாடகமா?

— அவங்களுக்கு அப்படித்தான் படும்.

— சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எழுதும்போது எனக்கே கூச்சமாத்தான் இருந்துது மாப்ள. எப்பவோ ஒரு நாள் யோக்கியமா இருந்ததை எட்டு வருஷம் மடியில முடிஞ்சு வச்சிருந்து, இப்ப ஒரு சீட்டுக்காக விக்கறோமேன்னு. அசிங்கம்தான், இல்ல?

— நீ ஏன் மச்சான் அசிங்கப்படறே.

— பின்ன யாரு படணும்?

— நான்.

— நீயா?

— அந்தக் கதை அவங்ககிட்ட ஏற்கனவே இருக்கு. ஆறு வருஷமா இருக்கு.

— புரியலை.

— நான் எழுதிக் குடுத்தேன். இதே கேள்விக்கு. எனக்குன்னு எழுத ஒண்ணுமே இல்லை மச்சான். ஒரு வாரம் வெள்ளைத்தாளையே பாத்துட்டிருந்தேன். எந்தத் தப்பையும் நான் ஒத்துக்கிட்டதே இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கடைசி நாள் அன்னைக்கு உன்னோடதை எடுத்து என்னோடதுன்னு எழுதிட்டேன்.

— அதுக்குத்தான் உனக்கு சீட் குடுத்தாங்களா?

— அதுக்கு மட்டும்தான். அட்மிஷன் பாக்கற மேடம் இன்னிக்கும் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல் நாள் அதைத்தான் சொல்றாங்க. நான் அங்க போனா எழுந்து நிக்க வச்சு எல்லாரையும் கை தட்டச் சொல்றாங்க. இப்ப உன் பேப்பர் போச்சுன்னா, அதே ஃபேக்டரி, அதே பாய்லர். தங்கச்சி புருஷன் கதையைக் காப்பி அடிச்சவன்னு உன்னைத்தான் தூக்கிக் கடாசுவாங்க. அதான் எடுத்துடுன்னு அப்பத்துலேருந்து மன்றாடறேன்.

— டிராயிங் நனைஞ்சது?

— அதையும் எழுதினேன்.

— வேலை போனாலும் போகும்னு அம்மாகிட்ட சொன்னேனே, அம்மா என் தலையைத் தடவினாங்களே?

— எங்கம்மாவா மாத்திட்டேன்.

— உங்கம்மா நீ காலேஜ் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டாங்களே.

— ஆமா.

— ஏன்யா...

— திட்டிடு மச்சான். நாலு அறை விட்டாக்கூட வாங்கிக்கறேன். இப்படி பாக்காத.

— அன்னைக்கு பாய்லர் பக்கத்துல ஒருத்தன் என் கையைப் பிடிச்சு நிறுத்தினானே. வாயை மூடிட்டு இரு, அடுத்த வருஷம் யாருக்கும் தெரியாம சரி பண்ணிக்கலாம்னானே. அவனை என்ன பண்ணினே?

— விடு மச்சான்.

— கேக்கறேன்ல.

— உன் தலையில போட்டுட்டேன். கூட வேலை பாத்த ஒருத்தன் தடுத்தான், நான் கேக்கலைன்னு. பேரு போடலை. சத்தியமா பேரு போடலை.

— என் கட்டுரையில அவன் வரவே இல்லை, கவனிச்சியா?

— கவனிச்சேன். நாலு தடவை தேடிப் பாத்தேன். திட்டி ஒரு வரி இருந்திருந்தாலாவது நிம்மதியா இருந்திருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துது.

— தங்கச்சி புருஷனாச்சேன்னு விட்டேன். இதெல்லாம் அவளுக்குத் தெரியுமா?

— தெரியாது. தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டா. மச்சான், வெள்ளிக்கிழமைக்குள்ள வேற எழுதிடலாம். நானே உக்காந்து எழுதித் தரேன்.

— நீ எழுதினவரைக்கும் போதும்பா. அப்பவே சொல்ல வந்தேன், நீ விடலை. விண்ணப்பம் காலையிலயே போயாச்சு. எவ்வளவு சான்ஸ் இருக்குன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். இந்த வருஷம் புதுசா ஒண்ணு சேத்திருக்காங்க. எழுதினது நடந்தப்ப கூட இருந்தவர் யாராவது ஒருத்தரைச் சொல்லுங்க, நாங்களே கூப்பிட்டு விசாரிச்சுக்கறோம்னு. உன் பேரையும் நம்பரையும்தான் குடுத்திருக்கேன் மாப்ள.