திரௌபதி அம்மையாரின் இரும்புப் பாலமும் ஆறு மாதப் பழியும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய எங்கள் பதிவறைப் பொறுப்பாளர், திருமதி திரௌபதி குமரேசன் அம்மையார் அவர்களே!

முப்பத்திரண்டு ஆண்டுகள் முகம் சுளிக்காது முனைந்து உழைத்த முதன்மையே! கட்டுக் கட்டாய் வந்த கடிதங்களில் ஒன்றையும் காணாமல் போகவிடாது காத்த கண்மணியே! நிலக்கடலை மூட்டையோடு வெயிலில் வந்து நிற்கும் உழவருக்கு நிழலும் நாற்காலியும் நீர்மோரும் தந்த நெஞ்சமே! கீழ்பென்னாத்தூர் நிலக்கடலை விளைவிப்போர் சங்கத்துப் பணியாளர்களாகிய நாங்கள், தங்கள் பணி நிறைவு நாளில் தலை தாழ்த்தி வணங்குகிறோம்.

இதற்கு மேல் தங்கள் பண்புகளை வரிசைப்படுத்தி எங்கள் பணியாளர் மன்றச் செயலர் இனியன் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலையில் உள்ள தங்கள் வீட்டுக்குப் போய்வந்த பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். அன்று நடந்ததை இந்த அவை கேட்க வேண்டும். "படிங்க. எங்க வூட்டுக்காரர முன்னாடி உக்கார வச்சிப் படிங்க" என்று தாங்களும் சொல்லிவிட்டீர்கள். ஆகவே படிக்கிறோம்.

இனியனின் மேசை தங்கள் மேசைக்கு எதிரே. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு மாதங்களுக்கு முன்பு, கோப்பு ஒன்றை நீட்டிய தங்கள் மணிக்கட்டில் மிளகளவு கருகல் ஒன்றை அவர் பார்த்தார். அடுத்த வாரம் முழங்கைக்குக் கீழே இரண்டு. பிறகு கழுத்தோரம் ஒன்று. எல்லாம் தீக்காயம். தேநீர் இடைவேளையில் எழுத்தர் கீதாஞ்சலியிடம் அவர் மெதுவாகச் சொன்னார்: "புருஷன் வேலையாத்தான் இருக்கும். சிகரெட்டால சுட்றான் போல."

போல என்றுதான் சொன்னார். அந்தச் சொல் ஒரே நாளில் உதிர்ந்துவிட்டது. வாரக் கடைசிக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்தது, மாதக் கடைசிக்குள் கடைத்தெரு வரை போனது. போகப் போக இனியனே அதை முழுசாக நம்பிவிட்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை இடது கையில் கட்டோடு வந்தீர்கள். இனியன் மறுநாள் கீதாஞ்சலிக்குப் போன் செய்தார். "அக்கா ரிட்டயர்டு ஆயிட்டா இருபத்துநாலு மணி நேரமும் அந்த ஆளுகூடத்தான் இருக்கணும். இப்பவே நேரா போயி கேட்டுடலாம், வா." காவல்துறையின் அவசர எண்ணைக் கைபேசியில் அழுத்தத் தயாராக வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தார்.

வீட்டு வாசல் திறந்தே கிடந்தது. கூப்பிட்டார்கள், பதில் இல்லை. பின்பக்கம் சர்ரென்று ஒரு சத்தம், கூடவே கருகல் வாடை. "ஐயோ!" என்று கீதாஞ்சலி வாயைப் பொத்திக்கொண்டார். இனியன் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

ஓடியவர் அப்படியே நின்றுவிட்டார்.

தோட்டத்தின் நடுவே, மலையிலிருந்து மழைநீர் இறங்கி வரும் கால்வாய்க்குள், புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையும் முகத்தில் இரும்புக் கவசமுமாக ஒரு பெண்மணி குந்தியிருந்தார். கையில் வெல்டிங் கருவி. நீலமும் வெள்ளையுமாகப் பொறி பறந்தது. பக்கத்தில் கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து, தீப்பிடித்தால் அணைக்க ஈரச் சாக்கைப் பிடித்தபடி காத்திருந்தார் திரு. குமரேசன்.

கவசம் மேலே போனது. தாங்கள்!

"டேய் இனியா, அந்த வெளிச்சத்தப் பாக்காத, கண்ணு போயிடும்!"

அப்போதுதான் இனியன் அந்தப் பாலத்தைப் பார்த்தார். பன்னிரண்டடி நீளம், இடுப்பளவு உயரம். விரல் பருமன் கம்பிகளால் பதினோரு கட்டுக்கால்கள், கீழே அகன்று மேலே குறுகி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி நின்றன. மேலே சின்னத் தண்டவாளம். அது இரண்டு பக்கமும் நீண்டு, கொய்யா மரத்தைச் சுற்றிக்கொண்டு தோட்டம் முழுக்க ஓடியது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் தாங்கள் ஓர் ஆணி அடித்தும் நாங்கள் கண்டதில்லை, அம்மையாரே!

"மாடியில குடி இருந்த வெளிநாட்டுக்காரரு ஊருக்குப் போவும்போது இந்தப் பொம்ம ரயில குடுத்துட்டுப் போனாரு. தண்டவாளம் போட்டுட்டேன். நடுவுல இந்தக் கால்வா. பாலம் இல்லாம எப்பிடி அந்தாண்ட போவும்? பட்டறையில கேட்டா சிரிக்கிறாங்க. அதான் மிஷின் வாங்கி நானே கத்துக்கினேன்."

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"ஆசையா இருந்துது. அதுக்கு மேல என்ன?"

"அப்போ... கையில இருக்கற காயம்?"

"பொறி தெறிச்சது. உறை போட்டா மெல்லிசுக் கம்பி கைக்குப் பிடிபடல."

இனியன் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கீதாஞ்சலி அழுதேவிட்டார். அழுகையோடு உண்மையும் வந்துவிட்டது: "நாங்க சாருதான் உங்கள சுடறாருன்னு நெனச்சோம்க்கா. எல்லாருகிட்டயும் சொல்லிட்டோம்."

குமரேசன் அவர்களின் கையிலிருந்த சாக்கு கீழே விழுந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்து, யாரையும் கடிந்து பேசாதவர் அவர். குனிந்து சாக்கை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, "உங்க மேனேஜர் பொண்ணு கல்யாணத்துல பந்தியில எம் பக்கத்துல ஒருத்தரும் குந்தல. அதுக்குத்தானா?" என்றார். எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

தாங்கள் கோபத்தில் கத்துவீர்கள், வெளியே போகச் சொல்வீர்கள் என்று இனியன் காத்திருந்தார். தாங்கள் கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தீர்கள்.

"எத்தினி நாளா நெனச்சீங்க?"

"ஆறு மாசமா."

"ஆறு மாசமா என் கையப் பாத்தீங்க. ஊரெல்லாம் பேசினீங்க. ஒருத்தராவது எங்கிட்ட வந்து, அக்கா கையில என்னன்னு கேட்டீங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. சரி, நெசமாவே அவரு சுடற ஆளா இருந்து, நான் செத்துப் போயிருந்தா? அப்பவும் பேசிக்கினுதான் இருந்திருப்பீங்க, இல்ல?"

இனியன் அதுவரை ஒரு நல்ல மனிதர் மேல் பழி போட்டதுதான் தன் குற்றம் என்று நினைத்திருந்தார். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. தான் நம்பியது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், எதிர் மேசையில் ஒரு பெண் எரிவதை ஆறு மாதம் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் குடித்திருக்கிறோம்.

உள்ளே போய்க் குமரேசன் அவர்களின் முன் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், அதற்குள் அவரே சொன்னார்: "போ. போயி அந்தப் பாலத்துக் கால புடி. அவ ஒண்டியா செய்ய முடியாது. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

அன்று மதியம் ரயில் முதன்முதலாகப் பாலம் ஏறியது. ஏழாவது காலுக்கு வந்ததும் அடிமண் இளகி, கால் சரிந்து, இன்ஜின் தலைகுப்புறக் கால்வாயில் விழுந்தது. எல்லோரும் அலறிவிட்டோம் என்று கீதாஞ்சலி இன்றும் சொல்கிறார். தாங்கள் மட்டும் அலறவில்லை. குனிந்து பார்த்து, "கம்பி மேல தப்பு இல்ல, மண்ணு மேலதான்" என்று சொல்லி, பலகைக் கல் ஒன்றைக் காலுக்கடியில் செருகினீர்கள். இனியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலைப் பிடிக்க, அதன் இடுப்பில் இன்னொரு குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்தீர்கள்.

இரண்டாம் முறை இன்ஜினும் நான்கு பெட்டிகளும் மெதுவாக ஏறின. குமரேசன் அவர்கள் சத்தமில்லாமல் வெளியே வந்து, விழுந்தால் பிடிக்க இரண்டு கைகளையும் பாலத்துக்குக் கீழே ஏந்தி நின்றார். ரயில் விழவில்லை. அக்கரை சேர்ந்தது. "நிறுத்தாத திரௌபதி, இன்னொரு சுத்து விடு" என்றார்.

அம்மையாரே! அறுபது வயதில், ஆசை ஒன்றை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, அனலைக் கையால் ஆளக் கற்ற ஆற்றலே! உண்மையை உறைக்கும்படி சொன்ன உரமே! நோயின்றி, குறைவின்றி, நூறாண்டு கடந்தும் தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நிறைவாய் வாழ அண்ணாமலையாரை வேண்டுகிறோம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திரு. குமரேசன் அவர்களே! பொய்யைக் கேட்டவர்களை இனியன் ஒவ்வொருவராகத் தேடிப் போய் உண்மையைச் சொல்லி வருகிறார். நாற்பத்து மூன்று பேரிடம் சொல்லியாயிற்று. இன்னும் எத்தனை பேர் என்று அவருக்கே தெரியவில்லை. தாங்கள் எங்களை மன்னித்ததாக இதுவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமையும் எங்களுக்கு இல்லை. இன்று விருந்துப் பந்தியில் தங்கள் பக்கத்தில் உட்கார எங்களுக்கு இடம் தருவீர்களா என்று மட்டும் கேட்கிறோம்.

எழுந்து நின்று கைகூப்பும்,
நிலக்கடலை விளைவிப்போர் சங்கப் பணியாளர்கள்,
கீழ்பென்னாத்தூர்.