லண்டன் கொலைகாரனும் தையல்காரியும்

எழுபதுகளின் கடைசி. டோர்ட்மண்ட் டிராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர்கள். சுற்றி யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் சத்தமாகவே பேசினார்கள்.

“இந்தக் கிழமைக்கு நான் இன்னும் ஒருத்தரையும் கொல்லேல்லை, அண்ணை,” என்றான் இளையவன்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“என்னடா கதைக்கிறாய்?”

“எங்கட வீட்டுக்கார மனுசி தனிய இருக்கிறவ. பேப்பரில வாற லண்டன் கொலைகாரன்ர கதையெண்டால் அவவுக்கு உயிர். லண்டனிலயிருந்து மச்சான் அனுப்புற இங்கிலீஷ் பேப்பரை ஞாயிறு ஞாயிறு ஜெர்மனில வாசிச்சுச் சொல்லுவன். இப்ப அவனைப் பிடிச்சு மறியல்ல போட்டிட்டாங்கள். கதை முடிஞ்சுது எண்டு சொல்ல மனம் வரேல்லை. நானே புதுசா ஒருத்தனை உண்டாக்கி, பேப்பரைப் பாத்து வாசிக்கிற மாதிரிச் சொல்லுறன். இப்ப அவன் ஒரு தையல்காரியின்ர வீட்டைச் சுத்தித் திரியிறான்.”

“மனுசி நம்புதோ?”

“நம்புறா எண்டுதான் நினைச்சன். போன ஞாயிறு வாசிச்சு முடிச்சு நான் வெளிக்கிடேக்கை கேட்டா, ‘அந்தத் தையல்காரியை மட்டும் கொல்லாதேங்கோ, பாவம், தனிய இருக்கிறவ’ எண்டு.”



“இப்ப என்ன செய்யப்போறாய்?”

“தையல்காரிக்கு ஒரு நாய் குடுக்கப்போறன்.”

“ஓம்,” என்றார் பெரியவர். “நல்லாக் குலைக்கிற நாயாக் குடு.”