தீர்ப்பாய வாசலில் உடைந்த தேங்காய்

பெயர் கந்தையா இராசரத்தினம். வயது அறுபத்து நான்கு. லண்டன் டூட்டிங்கில் மனைவி அருள்மலருடன் வசிக்கிறேன். பொதி கொண்டுபோகும் வான் இருபத்தொரு வருடம் ஓட்டினேன். வலது தோள் கெட்ட பின் ஓட்டுவதில்லை. இன்று முற்பகல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயக் கட்டிடத்தின் வாசலில் கேட்ட சத்தம் பற்றி, மதுரையைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் அம்மையார் தொலைபேசியில் இருக்க, என் சுயவிருப்பில் பொலிஸுக்கு இதைச் சொல்கிறேன். சத்தம் தேங்காயினுடையது. மற்றவை வருமாறு.

ஐந்து வருடங்களுக்கு முன் இயலாமைக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தேன். மருத்துவப் பரிசோதனையில் வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார்கள். நான் "ஏலாது" என்றேன். அன்றைய மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் "மாட்டேன்" என்று சொன்னார். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் ஏலாது என்றேன். மூன்றாம் தரம் சற்று உரக்கச் சொன்னேன். விண்ணப்பதாரர் ஒத்துழைக்க மறுத்தார், கடைசியில் உரத்த குரலில் மறுத்தார் என்று அறிக்கை எழுதப்பட்டது. இயலாமைக்குக் கொடுக்கும் புள்ளி பூச்சியம். கொடுப்பனவு இல்லை.

அதன் பின் மேன்முறையீடு செய்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூவர் இருந்தனர். நடுவில் சட்ட உறுப்பினர், ஒருபுறம் வைத்தியர், மறுபுறம் இயலாமையோடு வாழ்வது பற்றி அறிந்த ஒருவர். என்னுடன் மகள் சயந்தினி வந்தாள். அவள் அப்போது வீடு வாங்குபவர்களுக்குப் பத்திரம் பார்க்கும் சட்டத்தரணி. உடம்பு மறுப்பதற்கும் மனம் மறுப்பதற்கும் எங்கள் பேச்சில் ஒரே சொல்தான், அப்பா சொன்னது உடம்பைப் பற்றி என்று இரண்டு நிமிடத்தில் விளக்கினாள். சட்ட உறுப்பினர் பேனையை வைத்துவிட்டு அந்தச் சொல்லைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு மோசம். தீர்ப்பு நன்று. நாங்கள் எழும்பும்போது அவர் மகளிடம், இந்த நீதிபதிக் கதிரைக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பியுங்கள் என்றார்.

அதன் பின் அவள் விண்ணப்பித்தாள். முதல் தரம் கிடைக்கவில்லை. அன்றே மனைவி பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்தாள்: மகளுக்குக் கதிரை கிடைத்தால் அந்தக் கட்டிட வாசலிலேயே சிதறுதேங்காய். கோயில் வாசல் என்று வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இரண்டாம் தரம் எழுத்துப் பரீட்சை, மாதிரி வழக்கு விசாரணை, நேர்முகம் எல்லாம் நடந்து நியமனக் கடிதம் வந்தது. தகப்பன் கொடுப்பனவு பெறுவதை மகளே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தாள். வருடத்தில் முப்பது நாள் வேலை என்ற வரியை உறவினர்களுக்கு வாசிக்க வேண்டாம் என மனைவி அறிவுறுத்தினாள். பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் என் தங்கைக்கு நீதிபதி என்று மட்டும் தெரிவிக்கப்பட்டது.

சத்தியப்பிரமாணம் இன்று பதினொரு மணிக்கு. அறை சிறியது, ஒரு விருந்தினருக்கே இடம். அதை மனைவிக்கு விட்டுக்கொடுத்தேன். இதில் எனக்குக் கவலை இல்லை என்று மூன்று பேரிடம் சொன்னேன்.

நொதேர்ன் லைன் ரயிலில் தேங்காய் என் மடியில் இருந்தது. பத்து நாற்பதுக்கு வாசலை அடைந்தோம். மகள் முன்னரே உள்ளே போயிருந்தாள். தேங்காய் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தனியாகப் பதியும்படி கேட்கிறேன். பின்னர் பொலிஸ் வந்தபோது, அதனால் அவளுடைய நியமனத்துக்கு ஏதும் வந்துவிடுமோ என்பதே அந்த நேரம் என் பயம்.

தேங்காய் உடைப்பது ஆண்பிள்ளையின் வேலை என்பது மனைவியின் கொள்கை. வலக்கையை ஓங்க எனக்கு ஏலாது. ஆகவே இடக்கையால் எறிந்தேன். உடையவில்லை. மூன்று படி உருண்டு காவலாளியின் சப்பாத்துக் காலில் முட்டி நின்றது.

"உடையாத தேங்காயோட பிள்ளை சத்தியம் எடுக்கிறதோ? தள்ளி நில்லுங்கோ" என்றாள் மனைவி.

"சத்தம் போடாதை. மேல கமரா இருக்கு."

"பாக்கட்டும். எனக்குத் தோள் நல்லாத்தான் இருக்கு."

அதன் பின் அவள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, காவலாளியிடம் கைநீட்டித் தேங்காயை வாங்கி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி அடித்தாள். அந்த உயரத்துக்குக் கையைத் தூக்குபவருக்கு எத்தனை புள்ளி என்று எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லை.

தேங்காய் வெடிபோன்ற சத்தத்துடன் சிதற, காவலாளி அபாயமணியை அழுத்தினார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. கட்டிடத்தில் இருந்த எல்லோரும் வெளியே வந்து நடைபாதையில் நின்றார்கள்: நீதிபதிகள், வைத்தியர்கள், ஊன்றுகோலுடன் மேன்முறையீட்டாளர்கள், கடைசியாகப் புதுக் கறுப்புக் கோட்டுடன் என் மகள்.

"அம்மா! என்ன செய்தனீங்கள்?"

"நேர்த்தி முடிச்சனான். இனி நீ பிழையாத் தீர்ப்புச் சொன்னா அது பிள்ளையாற்றை பிழையில்லை."

சத்தியப்பிரமாணம் செய்துவைக்க வந்திருந்த மூத்த நீதிபதி விபரம் கேட்டார். மகள் இரண்டு நிமிடத்தில் விளக்கினாள். கட்டிடத்தைத் திறக்க நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். அதற்குப் பிறகு நீதிபதிக்கு வழக்குகள் இருந்தன. சத்தியக் கடதாசி கையில்தானே இருக்கிறது, இங்கேயே செய்யலாம் என்றார் அவர். மகள் தேங்காய்ச் சிதறல்களுக்கு நடுவே நின்று சத்தியம் செய்தாள். ஒரு விருந்தினர் என்ற விதி நடைபாதைக்குப் பொருந்தாது எனக் காணப்பட்டது. நான் முன்வரிசையில் நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். மேன்முறையீட்டாளர்கள் சிலர் கமராவைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தட்டினார்கள். நான் நெஞ்சு உயரத்தில் தட்டினேன். கண்ணைத் துடைக்க இடக்கை போதுமாக இருந்தது.

அதன் பின் பொலிஸ் உத்தியோகத்தர் வந்தார். குற்றம் எதுவும் இல்லை, நியமனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனால் அபாயமணி அடித்ததற்கு எழுத்தில் ஒரு வாக்குமூலம் வேண்டும் என்றார். சிரட்டைகளைப் பொறுக்கினோம். வைத்தியர் ஒருவர் ஒரு தேங்காய்த் துண்டு தின்றார். உத்தியோகத்தரும் ஒன்று எடுத்தார். அதைப் பதியத் தேவையில்லை என்றார்.

இறுதியாக, இனி இந்த வாசலில் தேங்காய் உடைப்பதில்லை என்று உறுதி தரும்படி கேட்கப்பட்டது. நான் "ஏலாது" என்றேன். மதுரை அம்மையார் அதை மொழிபெயர்க்குமுன், "சார், முடியலைங்கறீங்களா, மாட்டேங்கறீங்களா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை ஐந்து வருடங்களுக்கு முன் ஒருவர் கேட்டிருந்தால் என் மகள் இன்றும் வீட்டுப் பத்திரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தேன். அவள் தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்து, "பிள்ளைக்கு முழுநேர வேலை கிடைச்சா இதே வாசலிலை நூற்றெட்டுத் தேங்காய் எண்டு நேர்ந்திருக்கிறன்" என்றாள். ஆகவே மாட்டேன் என்ற பொருளிலேயே பதியவும்.

மேலே உள்ளது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. தங்கைக்குச் சொன்னதைத் தவிர இதில் உள்ள யாவும் முழு உண்மை. வலக்கையால் ஒப்பமிடுகிறேன். ஒப்பமிடத் தோளை உயர்த்தத் தேவையில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளவும்.

(ஒப்பம்) க. இராசரத்தினம்