ஒன்று முதல் இரண்டரை வரை

இது நடந்தபோது மணி நாலு. ராத்திரி நாலு இல்லை, சாயங்காலம் நாலு. பேய் இருட்டினால்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். அந்த மெழுகுவத்தியை நடுவில் வையுங்கள். கரண்டு வரும்போது வரட்டும்.

இது என் கூட வேலை பார்க்கிற தோழியின் சித்திக்கு நடந்தது. சித்தியே தோழியிடம் சொன்னது. தோழி எனக்குச் சொன்னது பட்டப்பகலில்... ஆனாலும் சொல்லி முடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து போய் ஆள் நடமாட்டம் இருக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டோம்.

சித்தி நூலகத்தில் எழுத்தர். பேருந்து அவளை முனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து பழைய நூலகக் கட்டடம் வரைக்கும் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் மூடிப்போன ஆலைகளின் மதில். ஒரு கடை இல்லை. ஒரு நாய் இல்லை. தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது... பிய்த்து எடுத்து வைக்கிறாள்... மறுபடியும் ஒட்டுகிறது. நூலகம் புதுக் கட்டடத்துக்குப் போய் ஒன்பது வருஷம். பழையதை இடிக்கப் போகிறார்கள். மாடியில் கிடக்கிற பதிவேடுகளை எடுத்து வரச் சொல்லி நூலகர் சாவியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். மாடி என்றதுமே சித்தி சாவியைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். ஆள் இல்லை என்றுவிட்டார்.

அந்த மாடி அறைக்குள் அவள் கால் வைத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஏன் வைக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஊரில் ஒரு பல் டாக்டர். அவரிடம் டோக்கன் கொடுக்கிற பெண் ஒருத்தி. பதினாலு உள்ளே போங்க, பதினஞ்சு உட்காருங்க என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் டோக்கன் அக்கா ஆகிவிட்டாள். பல்வலிக்காரர்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருக்க, அவள் மேஜை இழுப்பறையில் நோட்டை வைத்து ஒரு நாவல் எழுதினாள். கப்பல் உடைக்கிற இடத்து ஆண்களைப் பற்றி. இரும்பை வெட்டுகிற நெருப்பு, எண்ணெய்ச் சேறு, அவர்கள் வாயில் வருகிற கெட்ட வார்த்தைகள், ஒருத்தனுக்குக் கால் போன அன்றைக்கு மற்றவர்கள் சிரித்த சிரிப்பு... எல்லாம் அதில் இருந்தது. அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேருக்கும் அங்கேதான் வேலை. பத்து வருஷம் அவர்களுக்குச் சாப்பாடு சுமந்துகொண்டு போனவள் அவள்.

படித்தவர்கள் மிரண்டுபோனார்கள். எழுத்தாளர் சங்கம் பரிசு அறிவித்தது. உடனே கிளம்பிவிட்டது பேச்சு. இதைப் பெண் எழுதியிருக்க முடியாது. வீட்டுக்காரர் கல்லூரி வாத்தியார் ஆயிற்றே... இந்தக் கெட்ட வார்த்தைகளை எல்லாம் எழுதிவிட்டு, தன் பேருக்குப் பங்கம் வரக்கூடாது என்று பெண்டாட்டி பேரைப் போட்டிருப்பார். அவரிடமே போய்க் கேட்டார்கள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தாராம். வேறென்ன வேண்டும்?

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். அவர் ஒரு வழி சொன்னார். அந்தப் பெண் நூலகத்து மாடியில் காலை பத்திலிருந்து ஐந்து வரை உட்கார்ந்து ஒரு அத்தியாயம் எழுதிக் காட்டட்டும். கூட ஒரு பெண் காவல் இருக்கட்டும். அந்தக் காவல்தான் சித்தி. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. தற்காலிக வேலை.

மாடியில் அந்த நாளில் புத்தகம் பைண்டு பண்ணுவார்கள். எந்நேரமும் பசை நாற்றம். தலைவர் வாசலில் நின்றுகொண்டு, பையைப் பார், ரவிக்கைக் கையைப் பார் என்று சித்தியை ஏவினார். கடைசியில் கொண்டையையும் அவிழ்த்துப் பார்க்கச் சொன்னார். சித்தி அவிழ்த்தாள். கொண்டை ஊசிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. டோக்கன் அக்கா அவற்றைக் குனிந்து எடுக்கவில்லை. தலையை விரித்துப் போட்டபடியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தியதும் சித்தியிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நடுவுல எந்திரிச்சா, வெளிய போய் வாங்கிட்டு வந்து எழுதினேன்னு சொல்லுவாங்க. நான் எந்திரிக்க மாட்டேன். நீ பார்த்துக்க."

எழுந்திருக்கவில்லை. ஏழு மணி நேரம். சித்தி தண்ணீர் நீட்டியபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். குடித்தால் எழ வேண்டி வருமே. ஐந்து மணிக்கு முப்பத்தொரு பக்கம். கால் மரத்துப்போய், சித்திதான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

தலைவர் படித்தார். நன்றாக இருந்ததுதான் அவருக்குக் கோபம். அடுத்த வாரம் சித்தியைக் கூப்பிட்டு, டைப் அடித்த தாள் ஒன்றை நீட்டினார். ஒரு மணியிலிருந்து இரண்டரை மணி வரை அந்தப் பெண் அறையில் இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் இருக்கிறதும் போகும். வீட்டில் சித்தியின் அப்பா படுத்த படுக்கை.

சித்தி போட்டாள்.

பரிசு போயிற்று. புத்தகம் கடைகளில் இருந்து போயிற்று. பல் டாக்டரிடம் வருகிறவர்கள்கூட வாயைப் பிடித்துக்கொண்டே, எழுதினது நீயா அவரா என்று கேட்டுவிட்டுத்தான் டோக்கன் வாங்கினார்கள். இரண்டு வருஷத்தில் அவள் செத்துப்போனாள். காய்ச்சல் என்றார்கள். சித்தி துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை. எந்த முகத்தோடு போவாள்?

சரி... இப்போது மாடிப்படி.

சித்தி ஏறுகிறாள். பாதிப் படியில் ஒரு சத்தம். சர்ர்... சர்ர்... சர்ர்... எலி என்று நினைத்தாள். ஆனால் எலி அங்கேயும் இங்கேயுமாகச் சுரண்டும். இது ஒழுங்காகப் போகிறது. ஒரு வரி ஓடி முடிகிறது... ஒரு மூச்சு இடைவெளி... அடுத்த வரி. பேனா.

அப்புறம் அந்த நாற்றம். அங்கே பைண்டிங் நின்று ஒன்பது வருஷம். ஆனால் பசை... இப்போதுதான் காய்ச்சி இறக்கினது மாதிரி, ஆவியோடு.

கதவில் பூட்டு தொங்கியது. வெளியில்தான். திரும்பி ஓடியிருக்கலாமே என்று தோழி கேட்டாளாம். ஓடத்தான் நினைத்தேன், அதற்குள் கை பூட்டைத் திறந்துவிட்டது என்றாளாம் சித்தி.

உள்ளே தூசி. சாத்திய ஜன்னலின் இடுக்கில் கோடு கோடாக வெயில். கதவோரம் ஒரு முக்காலி. ஒரு மேஜை. ஒரு நாற்காலி. அதில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி. விரித்த தலைமுடி நாற்காலியின் முதுகைத் தாண்டித் தொங்குகிறது.

பேனா நின்றது. அவள் திரும்பவில்லை.

"மணி என்ன?"

சித்தி தன்னை அறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலேகால் ஆகியிருக்க வேண்டும். முள் ஒன்றில் நின்றது.

"ஒண்ணு."

"அப்ப நான் வெளிய போற நேரம். நீதானே எழுதிக் குடுத்திருக்க. போகட்டுமா?"

 போ என்றால் அது இந்தப் படியில் இறங்கி ஊருக்குள் போகும். போகாதே என்றால் இந்த அறையில் தன்னோடேயே இருக்கும். என்ன சொல்வது? நாற்காலியின் கால்கள் தரையில் உராய்ந்தன... கிறீச். அவள் எழுந்திருக்கப் பார்க்கிறாள். மரத்துப்போன காலை ஊன்றுகிறாள். எலும்பு சொடுக்குகிற சத்தம்... ஒன்று... இரண்டு...

"நீங்க எந்திரிக்கலக்கா." சித்திக்கு அழுகையோடுதான் குரலே வந்தது. "அன்னிக்கு நீங்க எந்திரிக்கவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

எல்லாச் சத்தமும் நின்றது. 

"அதை எழுது."

சித்தி அப்படியே தரையில் மண்டியிட்டாள். கைக்கு அகப்பட்ட பதிவேட்டில் பின்பக்க வெற்றுத் தாளைப் புரட்டி எழுதினாள். கொண்டையை அவிழ்த்தது, தண்ணீரை மறுத்தது, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியது, கையெழுத்து, எல்லாவற்றையும். தலையைத் தூக்கவில்லை. இருட்டி, வரி கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் நிமிர்ந்தாள். நாற்காலி காலி. அதன் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி... கலையாமல் இருந்தது.

மறுநாள் அந்தத் தாள்களைப் பத்திரிகையில் கொடுத்தாள். போட்டார்கள். ஊரே படித்தது. தலைவருக்கு அப்போது எண்பது வயது. அவரும் படித்தார். படித்துவிட்டுச் சொன்னார்:

"இது ஒரு குமாஸ்தாப் பொம்பள எழுதினது இல்ல. எவனோ எழுதிக் குடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கான்."

அப்படித்தான் இருக்கும் என்று மற்றவர்களும் தலையாட்டினார்கள். நூலகத்தில் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. ராத்திரி சித்தப்பாவே சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு, நிஜமாகவே நீதான் எழுதினாயா என்று கேட்டாராம். சித்தி அந்தத் தட்டை எடுக்கவில்லை. அது விடியும்வரை அங்கேயே காய்ந்தது.

பத்து நாளில் சங்கத்திலிருந்து கடிதம். கட்டடத்தை இடிப்பதற்குள் அதே மாடி, அதே பத்திலிருந்து ஐந்து. அன்றைக்கு நடந்ததை அவள் தன் கையால் எழுதிக் காட்ட வேண்டும். காவலுக்கு அவர்களே ஒரு பெண்ணை அனுப்புவார்கள்.

போகாதே சித்தி என்று தோழி காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். சித்தி கேட்கவில்லை. தான் போகாவிட்டால் அவர்கள் சொன்னது நிஜமாகிவிடும் என்றாள்.

போனாள். சரியாகப் பத்துக்கு உட்கார்ந்தாள். பின்னால் யாரோ ஏறி வந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. வாசல் பக்கம் கிடந்த முக்காலி முனகியது. சங்கத்துப் பெண் என்று நினைத்து, திரும்பாமல் எழுத ஆரம்பித்தாள். முதல் பக்கம். இரண்டாவது பக்கம். மூன்றாவது பக்கத்தில்... பசை நாற்றம்.

முக்காலியில் இருப்பது யார் என்று சித்திக்குப் புரிந்துவிட்டது. எழுதுகிறதை நிறுத்தவில்லை. அன்றைக்குத் தான் காவல் இருந்து என்ன எழுதிக் கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு முக்காலியில் இருக்கிறவள் என்ன எழுதிக் கொடுப்பாள்? கேட்கவா முடியும்? மணி பதினொன்று. பன்னிரண்டு. தொண்டை வறண்டு இழுத்தது. எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்கத் துணிவு வரவில்லை.

ஒரு மணிக்கு முக்காலி மறுபடி முனகியது. காலை இழுத்து இழுத்து ஒரு நடை... கிட்டே வந்தது. இடது கைப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தது ஒரு கை. நடுவிரலில் மைக்கறை.

"குடி."

சித்தி தலையை ஆட்டினாள்.

"குடி. எந்திரிச்சாலும் பரவாயில்ல. நான் நடந்ததைத்தான் எழுதுவேன்."

சித்தி குடித்தாள். ஐந்து மணிவரை எழுதினாள். கதவு திறந்து, அந்த நடை படியில் இறங்கிப் போவது கேட்டது.

சங்கத்தில் தாள்களோடு காவல் அறிக்கையும் வந்து சேர்ந்தது. இரண்டே வரி. பத்திலிருந்து ஐந்து வரை இவர்தான் எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் அந்தக் கையெழுத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தாராம். உள்ளே போய் அலமாரியைத் திறந்து பழைய முப்பத்தொரு பக்கத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாராம். இரண்டும் ஒரே கை. அந்த மாதமே பதவியை விட்டு விலகினார். பரிசு டோக்கன் அக்கா பேருக்கு வந்தது. நாவல் அவள் பேரிலேயே மறுபடி அச்சாயிற்று. விழாவுக்கு வீட்டுக்காரர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

சங்கம் ஏற்பாடு செய்திருந்த பெண் ஒரு நாள் சித்தியைத் தேடி வந்து மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்குப் பேருந்து வழியில் நின்றுவிட்டதாம். அவள் நூலகத்துக்கு வரவே இல்லை.

இதையெல்லாம் சித்தி எல்லாரிடமும் சொல்லுவாள். ஒன்றை மட்டும் தோழியிடம்தான் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு தரம், ஒரே தரம், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டாளாம். டோக்கன் அக்கா பக்கத்தில் குனிந்து, தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கிருந்தோ ஒரு ஈ வந்தது. அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. மெல்ல ஊர்ந்து மேலே ஏறியது... திறந்திருந்த கண்ணின் கருவிழி மேல் போய் நின்று, முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. கண் இமைக்கவில்லை.

அந்தக் கண் அடுத்த வரிக்கு நகர்ந்தது... ஈயையும் சுமந்துகொண்டு.