கோபப்பட்டவர்கள் வண்டியை விற்பதில்லை

ஐயா, உண்மையைச் சொன்னால் எனக்குக் கார் ஓட்டுவதில் பெரிய ஆசை கிடையாது. வீட்டிலிருந்து கடைக்குப் போகப் பன்னிரண்டு நிமிடம், திரும்பி வரப் பதினைந்து நிமிடம். இதற்கு ஒரு சைக்கிள் போதாதா என்று மனைவி கேட்பாள். வணிக வளாகத்தின் தரைத்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணைப் பரிசோதிப்பதும் நான்தான், வில்லையைத் தேய்த்து மாட்டிக் கொடுப்பதும் நான்தான். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவருக்கும் தவறான பவர் கொடுத்ததில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் நான் மின்சாரக் கார் வாங்கியபோது மனைவி வீட்டார் எல்லாரும் சிரித்தார்கள். "நடுரோட்ல நின்னா பிளக்கை எங்க மாப்பிள்ளை சொருகுவீங்க?" என்று மாமனார் சாப்பாட்டு மேசையில் கேட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த வீட்டில் எனக்கு 'பேட்டரி' என்று பெயர். சிரிக்காதவன் ஒருவன்தான், என் மைத்துனன். மனைவிக்குப் பத்து வயது இளையவன். அப்போதுதான் வளாகத்தின் இரண்டாவது மாடியிலிருக்கும் வங்கியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணாடியில் கை படாமல் உள்ளே எட்டிப் பார்த்தான். நாலு வருடம் கழித்து, நான் சொன்னதன் பேரில், அவனும் அதே கம்பெனியின் நீல வண்டி ஒன்றை எடுத்தான். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அத்தான் வெச்சிருக்காரு, அது போதும்" என்று விற்பனையாளரிடம் சொன்னான். என்னை அப்படி வேறு யாரும் நம்பியதில்லை. இதை அடிக்கோடிட்டுக் கொண்டீர்களென்றால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

வளாகத்தின் பின்பக்கம் சார்ஜ் போடும் இடம் இருக்கிறது. ஞாயிறு காலையில் அந்த வண்டி வைத்திருப்பவர்கள் அங்கே கூடுவோம். முப்பத்தொரு பேர். நான்தான் செயலாளர். கம்பெனியை உருவாக்கியவரை நாங்கள் 'பெரியவர்' என்போம். அவர் பேசும் வீடியோ வந்தால் ஒரே போனில் பத்துத் தலைகள் முட்டிக்கொள்ளும். வண்டி கழுவ ஒருவன் வருவான், நெட்டை என்று கூப்பிடுவோம். அவனுக்குச் சொந்தமாகச் சைக்கிள்கூடக் கிடையாது, ஆனாலும் ஒவ்வொன்றையும் 'நம்ம வண்டி' என்றுதான் சொல்வான்.

போன வருடம் கம்பெனியின் தொழிற்சாலையில் ஒரு பெண்ணுக்கு இயந்திரத்தில் இரண்டு விரல் போயிற்று. அடுத்த வாரம் புது மாடல் அறிமுக விழா. பெரியவர் மேடையேறி, இரண்டு விரலை மடக்கிக்கொண்டு கூட்டத்துக்குக் கையசைத்தார். மிச்சம் எட்டு இருக்கிறதே, போதாதா என்று சிரித்தார். அதைச் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய மனிதர்களுக்கும் வாய் தவறும். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்களின் முகமே மாறிவிட்டது. ஒருவர் வண்டியின் முன்னாலிருக்கும் கம்பெனிச் சின்னத்தின் மேல் கறுப்பு நாடா ஒட்டினார். இன்னொருவர், 'இவர் இப்படி என்று தெரிவதற்கு முன் வாங்கியது' என்று பின்கண்ணாடியில் எழுதி வைத்தார். எங்கள் கூட்டத்துப் பல் டாக்டரின் வண்டி மேல் சிக்னலில் யாரோ ஒரு அம்மா துப்பிவிட்டுப் போனாராம். முப்பத்தொரு பேர் ஒன்பது பேரானார்கள். துரோகம் என்ற சொல்லை நான் யோசித்துத்தான் சொல்கிறேன். பெரியவர் எனக்கு எந்த வாக்கும் கொடுத்ததில்லை. இவர்கள் கொடுத்தார்கள். என் வீட்டில் சாப்பிட்டவர்கள், சார்ஜ் தீர்ந்து வழியில் நின்றபோது நான் போய் இழுத்து வந்தவர்கள்.

அந்தச் சமயத்தில் பல் டாக்டரின் வண்டிக் கதவில் யாரோ நீளமாகக் கீறிவிட்டார்கள். அதைச் செய்தது நான் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு இருபது பேர் வந்துவிட்டார்கள். வண்டியை விற்க விளம்பரம் எழுதி வைத்திருந்த டாக்டர், "எவனோ பயமுறுத்தினா நான் விக்கணுமா? இனிமே இது என்கிட்டதான் இருக்கும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நாடாவைப் பிய்த்துப் போட்டவரும் உண்டு. வெட்கம் ஆட்களை விலக்குகிறது, கோபம் கூட்டி வருகிறது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

கண்ணாடி வில்லையில் குறி போட என்னிடம் வைர முனை வைத்த பேனா ஒன்று உண்டு. பகல் சாப்பாட்டு நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. இரண்டு மாதத்தில் நாலு வண்டிகள். ஆழமாகப் போடவில்லை, பெயிண்ட் கடைக்காரன் ஒரே நாளில் சரி செய்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி இருபத்தாறு பேர் வந்தார்கள். பழைய மாதிரியே கலகலப்பாக இருந்தது.

ஒரு புதன்கிழமை மைத்துனன் கடைக்கு வந்து, கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அத்தான், வண்டிய குடுத்துடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் பாக்க வர்றாரு."

"வண்டில என்ன குறை?"

"ஒண்ணும் குறையில்ல. பள்ளிக்கூட வாசல்ல இறக்கி விடறப்போ பாப்பா குனிஞ்சுக்கறா. யாரும் பாக்கக் கூடாதாம்."

"நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

"நான் மறக்கணுமே அத்தான். அந்தக் கைய ஆட்டினத பாத்தேனே." நாற்காலியை விட்டு எழுந்தான். பிறகு, "நீங்க நல்ல மனசோடதான் சொன்னீங்க. உங்க மேல தப்பே இல்ல" என்றான்.

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை மன்னித்தான் பாருங்கள், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவன் அந்த வண்டியைக் கொடுத்தால் என் சொல்லைக் கொடுத்துவிடுகிறான் என்று அர்த்தம். மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் மறுபடியும் பேட்டரி.

வெள்ளிக்கிழமை மதியம் நீல வண்டியின் இரண்டு கதவிலும் கோடு போட்டேன். மாலையில் அவன் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தான். "போகட்டும், வர்றவர்கிட்ட சொல்லிட்டே குடுத்துடறேன்" என்றான். அவனுக்குக் கோபமே வரவில்லை. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

சனிக்கிழமை நெட்டை கடைக்கு வந்தான். கையில் என் பேனா. "நீல வண்டிக்குக் கீழ கெடந்துச்சு சார். உங்களுதுதானே? சேறா இருந்துச்சு, தொடச்சு எடுத்தாந்தேன்." அவன் முகத்தில் சந்தேகம் துளியும் இல்லை. தொலைந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கும் சந்தோஷம் மட்டும் இருந்தது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவனுக்குப் பயந்துதான் பிறகு அவன் பக்கம் கை காட்டினேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியில்லை. கீறலோடு யாரும் சண்டை போட முடியாது, கோபப்பட ஒரு முகம் வேண்டும். வேறு முகம் எதுவும் கையருகில் இல்லை.

ஞாயிறு காலை நான் சொன்னது ஒரே வாக்கியம். "எல்லா வண்டிகிட்டயும் எந்நேரமும் போறவன் ஒருத்தன்தான்." பெயரைச் சொல்லவில்லை. மைத்துனனைப் பார்த்து இன்னொன்றும் சொன்னேன். "உன் வண்டிய கீறினப்போ சிரிச்சானாம், உன் பொண்ணு குனிஞ்சு உக்கார்றதையும் சொல்லிச் சிரிச்சானாம்." அப்படி யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் குனிந்துகொள்வது நெட்டைக்குத் தெரியவே தெரியாது.

மைத்துனன் சாது. பிள்ளைப் பேச்சு வந்தால் மட்டும் அவன் வேறு ஆள். அந்தப் பக்கம் வண்டி கழுவிக்கொண்டிருந்த நெட்டையிடமிருந்து ரப்பர் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கி வீசினான். அதன் நுனியில் பித்தளைப் பூண் இருந்தது. நெட்டை முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். "நான் இல்ல சார், நீங்களே சொல்லுங்க சார்" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னான். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். முதலில் போன் செய்தது நான்தான், விசாரித்துப் பாருங்கள்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கண்ணில் டார்ச் அடித்தால் வெளிச்சம் தெரிகிறது என்றான், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லத் தெரியவில்லை. நல்ல கண்ணாடி போட்டால் சரியாகிவிடும், நானே செய்து தருகிறேன் என்றேன். ஆகாது என்று எனக்குத் தெரியும். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

இந்த அடிதடி செய்தியாகப் போனது. ஒரு விழாவில் நிருபர் ஒருத்தி பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டாள். "என் காரை வாங்கிவிட்டால் எனக்குச் சொந்தக்காரர்களா? யார் அவர்கள்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த வீடியோவை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். சுற்றிலும் சத்தமாக இருந்தது, கேள்வி அவருக்குச் சரியாகக் காதில் விழுந்திருக்காது.

நானாகத்தான் வந்தேன் என்று ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் உங்களிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. தம்பிக்காக மன்னிப்புக் கேட்க என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். "வண்டிக்கடியில கெடந்த சாரோட பேனாவையே எடுத்துக் குடுத்தவன்மா நான், நானா கீறுவேன்?" என்று நெட்டை அவளிடம் அழுதிருக்கிறான். அந்தப் பேனா எதற்கு உதவும் என்று அவளுக்குத் தெரியும். இன்று காலை என் முன்னால் வந்து நின்றாள். "நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" அவ்வளவுதான் கேட்டாள்.

ஆகவே சொல்கிறேன். பல் டாக்டருடையதைத் தவிர ஐந்து வண்டிகளையும் கீறியவன் நான். நெட்டை ஒரு பாவமும் அறியாதவன் என்று தெரிந்தேதான் அவன் மேல் பழி போட்டேன். வீசியது மைத்துனன் கை, வீச வைத்தது என் பொய். அவனை உள்ளே வைத்திருப்பதில் நியாயமில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவனை வெளியே விடும்போது மற்ற நாலு வண்டிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். நீல வண்டியைக் கீறியதும் நான்தான் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். தெரிந்தால் விற்றுவிடுவான்.