மூடியில் ஓடிய கீறல்

தூத்துக்குடியில் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி நல்ல தண்ணீர் விட்டு அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். உப்புக்காற்று வெளியே தெரிகிற பெயிண்டை விட்டுவிடும். கீழே கண்ணுக்குப் படாத இரும்பைத்தான் முதலில் தின்னும். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. யாரும் கேட்பதில்லை. உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற வேனையும் யாரும் கழுவியதாகத் தெரியவில்லை.

என் பெயர் நயினார். கருப்பட்டி வியாபாரி தாணுலிங்கம் அண்ணாச்சியிடம் டிரைவராக இருந்தேன். மெக்கானிக்கும் நான்தான். கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பழைய கார் அது. ஆறு சிலிண்டர். அன்றிலிருந்து அந்த எஞ்சினில் வேறு யாரும் கை வைத்ததில்லை. உடன்குடிக்குச் சரக்குப் பார்க்கப் போவதும் வருவதும் அதில்தான்.

அண்ணாச்சி நல்லவர். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என் மகள் பேச்சியின் கல்யாணத்தன்று என்னைப் பின் சீட்டில் உட்காரவைத்து, அவரே காரை ஓட்டிக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அப்படி ஒரு முதலாளி இந்த ஊரில் இல்லை.

உலகச் சண்டை வந்த பிறகு பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. பஸ்காரர்கள் எல்லாம் பின்னால் ஒரு பீப்பாயைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓட்ட ஆரம்பித்தார்கள். அண்ணாச்சியும் அதைப் பற்றிப் பேசுவார். நம் எஞ்சினுக்குக் கரிப்புகை ஆகாது என்பேன். அவரும் விட்டுவிடுவார்.

இந்த ஐப்பசியில்தான் எஞ்சின் திக்க ஆரம்பித்தது. முதலில் கவனித்தது அண்ணாச்சி. ஆத்தூர்ப் பாலத்தில் போகும்போது, "நயினாரு, மிஸ் அடிக்குதே, கேக்கலையா?" என்றார். எனக்குக் கேட்கவில்லை. ரோடு சரியில்லை, அதுதான் என்றேன். திரும்பி வரும்போது ஸ்டியரிங்கிலேயே நடுக்கம் தெரிந்தது. அப்புறம் நானும் ஒத்துக்கொண்டேன்.

பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி சரிபார்த்தேன். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன். வெயில் அடிக்கிற நாளில் எஞ்சின் பூப்போல ஓடும். ஈரக்காற்று வீசினால் மறுபடியும் நொண்டும். கோளாறு நிலையாக இருந்தால் யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். வந்து வந்து போகிற கோளாறுக்குப் பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை உண்டு. அண்ணாச்சிக்கு அது தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் நான் போனபோது ஷெட்டுக்குள் ஜேசுபாதம் நின்றுகொண்டிருந்தான். துறைமுகத்தில் லாஞ்ச் எஞ்சின் பார்க்கிற ஃபிட்டர். கரிப் பீப்பாய் மாட்டுவதிலும் கைதேர்ந்தவன். பானெட் திறந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அண்ணாச்சி. அவர் சம்சாரம் செண்பகத்தம்மா அவனுக்குக் காப்பி கொண்டுவந்து நின்றார்.

"நாலாவது வால்வு எரிஞ்சுபோச்சு அண்ணாச்சி," என்றான் ஜேசுபாதம். "ஹெட்டைக் கழத்தணும். அதோட கரியும் மாட்டிருவோம்."

வால்வு எரிந்திருந்தால் வெயிலிலும் நொண்டும் என்றேன்.

அண்ணாச்சி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "விடு நயினாரு. காதுக்கும் வயசாகுமில்லா? இவன் சின்னப் பய, கேட்டுட்டான்."

செண்பகத்தம்மாவும் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மனிதர் சிரித்ததற்காக இன்னொருவர் கோபப்படுவது சிறுபிள்ளைத்தனம். காப்பி எனக்கும் கொடுத்தார்கள். குடித்தேன்.

அன்று மத்தியானம், அண்ணாச்சி சரக்கு வைக்கிற கிட்டங்கிக்குப் போன பிறகு, ஷெட்டின் கதவுகளைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டேன். பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஈரத்துணியால் லேசாகத் தடவினேன். உடனே தெரிந்தது. மூடியில் மயிரிழை போல ஒரு கீறல். அதன் வழியாக நீலமாகப் பொறி ஊர்ந்து ஓடியது. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி பாதி வழியிலேயே உப்பு ஈரத்தில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கோளாறு. மாற்று மூடி என் பெட்டியிலேயே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தலையைப் பிளப்பது போல வலித்தது. வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். காற்று வாங்கிவிட்டு வந்து, கதவுகளைத் திறந்து வைத்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சைலன்சருக்குப் போகிற குழாய் உப்பில் அரித்துப் பொத்தலாகியிருந்தது. புகை பின்னால் போகாமல் முன் சீட்டுக்கு அடியிலேயே வந்துகொண்டிருந்தது. கால் வைக்கிற பலகையிலும் இடுக்குகள். ரோட்டில் ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய ஷெட்டில் போக வழி கிடையாது.

அந்த மூடியை அன்றைக்கு மாற்றவில்லை. குழாயைப் பற்றியும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலிருந்து நல்ல மழை. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணாச்சி ஷெட்டுக்கு வந்தார். "நாளைக்கு ஜேசுபாதம் பீப்பாயோட வாரான்," என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள நீ கோளாறைப் பிடிச்சுட்டேன்னு வையி, அவனைத் திருப்பி அனுப்பிருதேன். கரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்கு மட்டும் அந்தப் பீப்பாயைக் கட்டிக்கிட்டு ஊருக்குள்ள போக ஆசையா?" என்றார்.

"அப்போ ஒரு டெஸ்ட் பாத்துருவோம் அண்ணாச்சி," என்றேன். "நீங்க உள்ள உக்காந்து மிதிங்க. நான் பின்னால வெளிய நின்னு குழாய்ச் சத்தத்தைக் கேக்கேன்."

"மழையில நனைவியே?"

"பரவாயில்ல அண்ணாச்சி."

கண்ணாடிகளை ஏற்றிவிடச் சொன்னேன். அவருக்குச் சளித் தொந்தரவு உண்டு. பானெட் திறந்திருந்ததால் எஞ்சினில் சாரல் படக் கூடாது என்று ஷெட்டின் கதவுகளைச் சாத்தினேன். காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க வெளியே கொண்டியை மாட்டினேன். ஸ்பானரால் கதவுத் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் அழுத்த வேண்டும், இரண்டு தட்டினால் விட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

ஒரு தட்டு. எஞ்சின் ஏறியது. ஈரத்தில் நன்றாகவே நொண்டியது. இரண்டு தட்டு. இறங்கியது. கொஞ்ச நேரம் இப்படியே போயிற்று. அண்ணாச்சி சொன்னபடி செய்கிறவர்.

பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டார் போலிருக்கிறது, குரல் கேட்டது. "நயினாரு, தலை கனமா இருக்குலே."

"பெட்ரோல் வாடை அண்ணாச்சி. கிட்ட வந்துட்டேன். கண்ணாடியை ஏத்திக்கிடுங்க."

"பிடிச்சுட்டியா?"

"இந்தா, பிடிச்சுருவேன்."

"பிடிலே. நீ பிடிச்சாத்தான் எனக்குச் சந்தோஷம்."

அதற்கப்புறம் நான் தட்டும்போது எஞ்சின் கொஞ்சம் தாமதமாக ஏறியது. அப்புறம் பாதிதான் ஏறியது. பிறகு ஒரு தட்டு தட்டினேன், ஏறவில்லை. மறுபடியும் தட்டிப் பார்த்தேன். வெறுமனே நொண்டிக்கொண்டு நின்றது. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று மேலும் கொஞ்ச நேரம் மழையிலேயே நின்றேன்.

கதவுகளைத் திறந்து புகை போகவிட்டேன். ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய், எஞ்சினை நிறுத்தி, கீறல் விழுந்த மூடியைக் கழற்றிவிட்டுப் புது மூடியை மாட்டினேன். மறுபடியும் ஸ்டார்ட் செய்தேன். அதற்கு அண்ணாச்சியின் காலைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. இத்தனை மழையிலும் ஒரு அடி தப்பவில்லை. ஆறு சிலிண்டரும் ஒரே மூச்சாக ஓடின.

அடுப்படிப் பக்கமிருந்து செண்பகத்தம்மாவின் குரல் வந்தது. "வண்டி இப்ப நல்லா ஓடுதே! சரியாயிட்டா நயினாரு?"

"சரியாயிட்டும்மா," என்றேன்.

பெட்ரோல் வீணாக வேண்டாமென்று அணைத்தேன். அதன் பிறகுதான் செண்பகத்தம்மாவைக் கூப்பிட்டேன்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்தீர்கள். டாக்டர் புகை என்றார். விபத்து என்று முடிவாயிற்று. குழாய்ப் பொத்தலைப் பார்க்காமல் விட்ட டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதினீர்கள். என்னை ஒரு அதட்டுப் போட்டு அனுப்பினீர்கள். அதிலும் எனக்கு வருத்தமில்லை. உங்கள் வேலை அது.

ஆனால் ஜேசுபாதம் டீக்கடைகளில் சொல்லிக்கொண்டு திரிகிறான். "நயினாருக்குக் காதும் போச்சு, கண்ணும் போச்சு. கோளாறையும் பிடிக்கல, பொத்தலையும் பாக்கல. பாவம்." என்னைக் கண்டால் ஆட்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். நேற்று செண்பகத்தம்மா கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். "உம்மேல தப்பில்ல நயினாரு. வயசானா யாருக்கும் வாரதுதான். அவுக இருந்தா உன்னை விடமாட்டாக. நீ கிட்டங்கி வாசல்ல காவலுக்கு இருந்துக்கோ," என்றார். சொல்லிவிட்டு அழுதார். எனக்காகவும் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன். அங்கிருந்து நேராக இங்கே வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான், ஐயா. கோளாறு முந்தின நாளே தெரிந்துவிட்டது, மூடி பெட்டியிலேயே இருந்தது, மாற்றியிருந்தால் கரியும் வந்திருக்காது, ஜேசுபாதமும் திரும்பி வந்திருக்கமாட்டான், அண்ணாச்சியும் இருந்திருப்பார். நானும் அதை யோசித்துப் பார்த்தேன். மாற்றியிருந்தால் அண்ணாச்சி என் முதுகில் தட்டி, "பரவாயில்லையே நயினாரு, பிடிச்சுட்டியே," என்றிருப்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பார். செண்பகத்தம்மாவும் நின்றிருப்பார். அந்தப் 'பரவாயில்லையே'வைக் கேட்டுக்கொண்டு நான் அந்த வண்டியை எப்படி ஓட்டுவது?

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். எனக்கு அவர் மேல் கோபமே கிடையாது. தாணுலிங்கம் அண்ணாச்சியை நான்தான் தெரிந்து, யோசித்து, கொண்டியை மாட்டிக் கொன்றேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்தக் கவனக்குறைவு என்கிற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள்.