இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை

— அதான் சார் சொல்றேன், இந்த மாசம் வாங்கின சாக்பீஸ் சரியில்ல. போர்டுல வச்சாலே கீச்சுன்னு கத்துது, பல்லு கூசுது. ஆபீஸ்ல போயி ஒரு சத்தம் போட்டுட்டுத்தான் வந்தேன், பழைய கம்பெனியே வாங்குங்கன்னு.

— கேளுங்க டீச்சர், நான் விளையாட்டு வாத்தியார். எனக்கும் சாக்பீஸுக்கும் என்ன சம்பந்தம்? பேச்ச மாத்தாதீங்க. அந்தப் பொண்ணோட அம்மா கீழ உக்காந்திருக்காங்க. மேல அனுப்பவா, இல்ல நீங்க லீவுன்னு சொல்லிடவா?

— லீவுன்னா நாளைக்கு வருவாங்க.

— வரட்டுமே. ஆறுதலா நாலு வார்த்தை சொல்லப் போறீங்க, அவ்ளோதானே? பொண்ணு தவறிப்போனப்ப அவங்க வீட்டுக்குப் போயி நல்லாத்தானே பேசிட்டு வந்தீங்க.

— அன்னைக்கு எனக்கு இந்த விஷயம் தெரியாது சார்.

— எந்த விஷயம்?

— கதவச் சாத்துங்க, சொல்றேன். நெட்ல என் பிளாக்ல பிள்ளைங்க பேரப் போடாம பட்டப்பேர் வச்சு எழுதுவேன்ல?

— தெரியாதா எனக்கு? கணக்குப்புலி, தூங்குமூஞ்சி, ரேடியோ. அதுலயும் அந்த ரேடியோ கேக்குற கேள்விய என் வீட்டுல சோறு ஆறுற வரைக்கும் படிச்சு சிரிப்போம்.

— அந்த ரேடியோ தன்னோட பொண்ணுதான்னு நெனச்சுட்டு இருக்காங்க சார் அந்த அம்மா.

— யாரு சொன்னா?

— கமெண்ட் போட்டிருந்தாங்க, அவங்க ஃபோட்டோவோட. ‘என் மகளை இவ்வளவு அழகாக எழுதியதற்கு நன்றி. இப்படிக்கு, ரேடியோவின் அம்மா.’ அதப் படிச்சதுலேர்ந்து எனக்குக் கை ஓடல.

— அட பாவமே. அவ இல்லையா ரேடியோ?

— ரேடியோ அதோ, வராண்டாவுல கத்திட்டு இருக்காளே, அவ. இந்தப் பொண்ணு வாயத் தொறந்ததே இல்ல. வருகைக்குப் பேர் கூப்பிட்டா உதடு அசையறத வச்சுத்தான் நான் டிக் போடணும்.

— சரி, அவளப் பத்தியும் எங்கயாவது எழுதியிருப்பீங்கல்ல?

— தேடினேன் சார். அந்த கமெண்டப் பார்த்துட்டு எல்லாப் பதிவையும் தேடினேன். தூங்குறவன எழுதியிருக்கேன், சண்டை போடறவன எழுதியிருக்கேன், ஜன்னல்ல வந்து உக்கார்ற காக்காவக் கூட எழுதியிருக்கேன். என் கண்ணெதிர்ல உக்காந்திருந்த பொண்ணு, அவளப் பத்தி ஒரு வரி இல்ல.

— அதான் எழுதறத நிறுத்திட்டீங்களா? நான் உடம்புக்கு முடியலையோன்னு நெனச்சேன்.

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எழுதறது?

— கேளுங்க, உங்கள இதுல இழுத்து விட்டதே நான். வீட்டுக்காரர் தவறினப்புறம் ஸ்டாஃப் ரூம்ல நீங்க யார்கிட்டயும் பேசல. வீட்டுலயும் பேச ஆளில்ல. பேச்சு வரலன்னா எழுதிப் போடுங்க, பஸ் வர்ற வரைக்கும் பத்து வரி, எழுத ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னே எழுதுங்கன்னேன்.

— மொத நாள் அதத்தான் எழுதினேன்.

— அப்புறம் பல்லு விளக்குற மாதிரி ஆயிடுச்சுல்ல உங்களுக்கு? அத விட்டுடாதீங்க. இப்ப அந்த அம்மா வருவாங்க. ஆமாம்மா, உங்க பொண்ணுதான்னு சொல்லிடுங்க. முடிஞ்சு போச்சு.

— அவ போன அன்னைக்கு சாயந்தரமும் ரேடியோவப் பத்தி எழுதிட்டேன் சார். எனக்கு சேதி மறுநாள்தானே வந்துச்சு. ‘இன்றைக்கு ரேடியோ’ன்னு ஆரம்பிச்சிருக்கேன். அதுக்கு என்ன சொல்றது?

— முன்னாடியே எழுதி டைமர் வச்சுப் போட்டதுன்னு சொல்லுங்க. அப்படி ஒரு வசதி இருக்குல்ல அதுல? பெத்த மனசு டீச்சர். ஒரு பொய் சொன்னா நமக்கு என்ன கொறஞ்சுடும்?

— தெரியல சார்.

— படியில சத்தம் கேக்குது, அவங்களே வந்துட்டாங்க போல. உள்ள வாங்கம்மா. டீச்சர் இங்கதான் இருக்காங்க, உக்காந்து பேசுங்க. நான் கிரவுண்டுக்குப் போறேன், பசங்க பந்த வச்சு ஜன்னல ஒடைக்கிறதுக்குள்ள.

— வணக்கம் டீச்சர். தொந்தரவு பண்ணலயே?

— உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாம் டீச்சர். பாருங்க, இன்னைக்குத்தான் வேலைக்குத் திரும்பப் போயிருந்தேன். பல் ஆஸ்பத்திரில வரவேற்புல இருக்கேன்ல. டாக்டர் சீக்கிரமே கெளம்பச் சொல்லிட்டார். ஸ்கூல் விட்டதும் அவ வந்து உக்கார்ற நாற்காலி எனக்கு நேரா இருக்கு. அதப் பார்த்துட்டு உக்காந்திருக்க முடியல.

— அவ தினம் அங்க வந்துடுவாளா?

— தினம். எனக்கு வேலை முடியற வரைக்கும் பல் வலின்னு வர்றவங்களுக்கெல்லாம் கதை சொல்லிட்டு இருப்பா. வலிச்ச பல்ல மறந்துட்டு சிரிப்பாங்க அவங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வீட்டுக்கு. அவதான் உங்க பிளாக்க எடுத்துக் காட்டினா. இறங்குற வரைக்கும் அதான் படிப்போம்.

— ம்.

— என்ன சொல்றது டீச்சர். ‘பூமி சுத்திக்கிட்டே இருந்தா, பறந்து போன பறவைக்குத் தன் கூடு எப்படிக் கெடைக்கும்?’னு ரேடியோ கேட்டதா எழுதியிருந்தீங்க பாருங்க, அன்னைக்குத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இந்த மாதிரி கேக்கறதுக்கு ஊருல வேற யாரு இருக்கா? ஏண்டி, இது நீதானேன்னேன். சிரிச்சா.

— சிரிச்சாளா?

— அப்படியே தோள்ல சாஞ்சுக்கிட்டு சிரிச்சா. அன்னையிலேர்ந்து ரேடியோ வர்ற எடம் வந்தா நான் ரெண்டு தடவ படிப்பேன். அதான், இதக் கொண்டு வந்திருக்கேன். பிரிச்சுப் பாருங்க.

— இது என்னம்மா?

— ரேடியோ வர்ற பதிவெல்லாம் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுட்டேன். கடைக்காரர் என்ன கலர் அட்டைன்னு கேட்டார். மஞ்சள்னேன், அவளுக்கு அதான் புடிக்கும். மொத பக்கத்த வெறுமையா விட்டிருக்கேன். அதுல அவ பேர எழுதி, கீழ நீங்க ஒரு கையெழுத்து போடணும். இத விட்டா அவ ஸ்கூல்ல இருந்ததுக்கு எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல டீச்சர். மார்க் அட்டையில மார்க்குதான் இருக்கு.

— ஒரு நிமிஷம்மா.

— ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். தப்பா நெனைக்காதீங்க. அவ போன அன்னைக்கு, ஆஸ்பத்திரியில உள்ள வராதீங்கன்னு வெளிய உக்கார வச்சுட்டாங்க. கைப்பழக்கத்துல ஃபோன எடுத்தேன். புதுசா ஒண்ணு போட்டிருந்தீங்க. ‘இன்றைக்கு ரேடியோ ஜன்னலோரம்தான் உட்காருவேன் என்று அடம்’னு. பாருங்க, ஒரு நிமிஷம் எனக்கு அவ்ளோ சந்தோஷம். என் பொண்ணு ஸ்கூல்லதான் இருக்கா, உள்ள படுத்திருக்கறது வேற யார் பெத்த பிள்ளையோன்னு. அப்படியே எழுந்து கெளம்பிடலாம்னு கூட செருப்ப மாட்டிட்டேன்.

— ஐயோ.

— அப்புறம்தான் உள்ளயிருந்து கூப்பிட்டாங்க. அது எப்படி டீச்சர்? அவதான் லீவுல இருந்தாளே.

— அது… சில நாள் முன்னாடியே எழுதி வச்சுடுவேன்மா. டைமர் வச்சுட்டா அதுவா வந்துடும்.

— அதானே. நானும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். இந்தப் பக்கம்தான். பேர மேல எழுதிடுங்க.

— சரிம்மா.

— வெளிய யாரு டீச்சர் அது? என்ன பேச்சு பேசுறா.

— எங்க கிளாஸ் பொண்ணுதான்.

— நல்லாப் பேசுறா. மூச்சு விடாம. பேனா எழுதலையா டீச்சர்? எங்கிட்ட ஒண்ணு இருக்கு, தரட்டுமா?

— பேனா எழுதுது. எனக்குத்தான் கை வரல. இப்ப நான் உங்ககிட்ட சொன்னது பொய்ம்மா.

— எது?

— டைமர். அது அன்னைக்கு நடந்தத அன்னைக்கே எழுதினது. ஜன்னலோரம் வேணும்னு அடம் புடிச்சது வெளிய பேசிட்டு இருக்காளே, அவ. பறவை கேள்வி கேட்டதும் அவதான். ரேடியோ உங்க பொண்ணு இல்லம்மா.

— இல்ல டீச்சர், அவ எங்கிட்ட சொன்னாளே.

— சொன்னாளா?

— சொன்னா. நீதானேன்னு கேட்டேன், அவ… இல்ல. சிரிச்சா. ஆமான்னு சொல்லல. ஒரு நாளும் சொல்லல. சிரிக்கத்தான் செஞ்சா.

— நான் உங்க மூஞ்சியப் பார்த்து ஆமான்னு சொல்லிடலாம்னுதான் உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணோட பேச்சுக்கு மேல உங்க பொண்ணு பேர எழுத எனக்கு மனசு வரல. மன்னிச்சுக்கங்க.

— அப்ப என் பொண்ணு எது டீச்சர்? கணக்குப்புலியா? கணக்கு அவளுக்கு சுமாராத்தான் வரும்.

— அதுவும் இல்லம்மா. அவளப் பத்தி நான் எழுதவே இல்ல. எல்லாத்தையும் தேடிப் பார்த்துட்டேன். அவ கிளாஸ்ல பேச மாட்டா. நானும் பேசறவங்களத்தான் கவனிச்சிருக்கேன். என் தப்பு.

— பேச மாட்டாளா? எங்க வீட்டுல அவ வாய அடைக்க நான் டிவியப் போடணும். தூக்கத்துல கூடப் பேசுவா. நீங்க வேற யாரையோ சொல்றீங்க.

— இல்லம்மா.

— அப்ப அவ இங்க வந்து என்னதான் பண்ணிட்டு இருந்தா டீச்சர்? காலைல எழுப்ப வேண்டியதே இல்ல, அவ்ளோ ஆசையா கெளம்பி வருவா. வந்து சும்மா உக்காந்துட்டுப் போனாளா?

— தெரியலம்மா.

— சரி, விடுங்க. நீங்க ஏன் அழறீங்க. ஒரு கிளாஸ்ல எத்தன பிள்ளைங்க, யாரன்னுதான் பார்ப்பீங்க. இந்த புக்க அந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க. அவ பேசினதுதானே எல்லாம். அட்டை மட்டும்தான் எங்களோடது.

— உக்காருங்கம்மா, இப்படியே போகாதீங்க.

— பஸ் போயிடும் டீச்சர். ம், இன்னொண்ணு. இத வாங்கிக்கங்க. ஸ்கூல் பொருள், எங்க வீட்டுல இருக்க வேணாம்.

— மாத்திரைக் கவர்ல என்னம்மா?

— சாக்பீஸ் துண்டு. அவ யூனிஃபார்ம் பாக்கெட்டு பூரா இதான் கெடந்துச்சு. எத்தன தடவ திட்டியிருக்கேன். தொவைக்கத் தொவைக்க பாக்கெட்டு வெள்ளையாவே இருக்கும்.

— எடுத்துட்டு வந்துடுவாளா?

— திருடினான்னு நெனைக்காதீங்க. கேட்டா, ஒடைக்கும்போது விழற சில்லும்மா, மேஜைல விட்டா டீச்சர் புடவைல ஒட்டிக்கும், அதான் பொறுக்கிப் போட்டுக்கறேம்பா. எதுக்குடி நல்ல சாக்பீஸ ஒடைக்கிறேன்னா, முழுசா இருந்தா கீச்சுன்னு கத்துது, டீச்சர் காதப் பொத்திக்கிறாங்க, ரெண்டா ஒடச்சு வச்சா கத்தாதும்பா. அதுக்குத்தான் மொத பஸ்ஸுக்கு ஓடுவா, கிளாஸ்ல யாரும் வர்றதுக்கு முன்னாடி.

— என்ன சொன்னீங்க?

— ஒடைக்கிறது தப்புன்னா மன்னிச்சுக்கங்க டீச்சர். இனிமே ஒடைக்க…

— உக்காருங்க. ஃபோன எடுங்கம்மா. என் பிளாக்க எடுங்க. கீழ போங்க, இன்னும் கீழ. கடைசில இருக்கும் பாருங்க, மொத பதிவு.

— இதுல ரேடியோ இல்லையே. நான் இத பிரிண்டே எடுக்கல. நாங்க நடுவுலேர்ந்துதான் படிச்சோம்.

— அதத்தான். சத்தமா படிங்க. எனக்குக் கண்ணு தெரியல.

— ‘இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை. வீடு நேற்றுப்போலவே இருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்ற யோசனையோடுதான் வகுப்புக்குப் போனேன். மேஜைமேல் சாக்பீஸை யாரோ இரண்டிரண்டாக உடைத்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். எடுத்து எழுதினேன். கொஞ்சமும் சத்தம் வரவில்லை. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது. அவர் போனபிறகு என்னை ஒருவர் கவனித்தது இதுதான் முதல்முறை. யாரென்று தெரியவில்லை. நாளைக்கும் வருவேன்.’ டீச்சர், இது…

— அவதான்மா. அவ ஒடச்சு வச்சதாலதான் நான் மறுநாள் வேலைக்கு வந்தேன். எழுத ஆரம்பிச்சதும் அதாலதான். யாருன்னு கண்டுபிடிக்கணும்னு நெனச்சேன், அப்புறம் தினம் அப்படியே கெடந்ததால பழகிப்போச்சு. சாக்பீஸ்னாலே பாதியாத்தான் இருக்கும்ங்கற மாதிரி எடுத்து எழுதிட்டு இருந்தேன்.

— தினமும் வச்சாளா?

— தினமும் வச்சிருக்கா. அவ லீவு போட்டதுலேர்ந்து போர்டு கத்துது, பல்லு கூசுதுன்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கேன். இன்னைக்குக் காலைல கூட ஆபீஸ்ல போயி சண்டை போட்டேன், பழைய கம்பெனி சாக்பீஸே வாங்குங்கன்னு. அதே கம்பெனிதான் டீச்சர், எதுவும் மாறலன்னு அவங்க சொல்லச் சொல்ல, நான் கேக்கவே இல்லம்மா.